அரைப்பாரன், ஆறு நிமிடம்

பகாவ் பக்கம் ஒரு செம்பனை ஆலை.
அதன் வாசலில் லாரி எடை பார்ப்பது என் வேலை.
நுழையும்போது ஒரு கனம், திரும்பும்போது ஒரு கனம்,
கழித்தால் வருவது குலை.
பன்னிரண்டு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வேலையும் உண்டு.
சொன்னால் நம்பமாட்டார்கள் என்று சொல்வதில்லை:
ஒரு சூப்பர் ஹீரோவுக்கு நான்தான் தொண்டை.

பெயர் அரைப்பாரன்.
கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.
தொட்ட பொருளின் கனம் பாதியாகும், அவ்வளவுதான்.
பறக்க வராது. சுவரை உடைக்க வராது.
ஏதோ ஒரு பழைய காமிக்ஸில் மூன்று இதழ் வந்தான்.
நான்காவதில் யாரும் அவனுக்குச் சங்கு ஊதவில்லை,
வரைய மறந்துவிட்டார்கள்.
கடைசிக் கட்டத்தில் கையை நீட்டி நிற்கிறான்,
பக்கத்தைத் திருப்பினால்
பற்பசை விளம்பரம்.

இப்படிப்பட்டவர்களாகப் பார்த்துத் தேடிப் பிடித்து
ஆளுக்கு ஆறு நிமிடம் கார்ட்டூன் செய்கிறது ஒரு கம்பெனி,
பெரிய ஹீரோக்களின் படத்துக்கு முன்னால் போட,
ஜனம் சோளப்பொரி வாங்கி வந்து
நாற்காலி எண் தேடும் நேரத்தில்.
நாளைய மழையை இன்றே கேட்கும் ஈரச்செவி.
பூட்டுகளிடம் கெஞ்சும் சாவித்தாய்.
யாரும் பார்க்காதபோது மட்டும் மறையத் தெரிந்த காணான்;
பாவம், அவன் படத்தில்
ஆறு நிமிடமும் தெரிந்துகொண்டே இருந்தான்.

தமிழ்க் குரலுக்கு நிமிடம் முப்பது ரிங்கிட்.
என் ஆளுக்கு மொத்தம் பத்தொன்பது வார்த்தை,
அதில் நாலு 'ம்'.
"ம்-முக்கும் காசு தருவானா?" என்றாள் பூங்காவனம்.
தருவான். நிமிடக் கணக்குதானே.

கோலாலம்பூர் போக லீவு கிடைக்கவில்லை.
துணி அலமாரிக்குள் மெத்தையைச் செருகி,
அவள் சேலைகளுக்கு நடுவே
அந்துருண்டை வாசத்தில் குந்தி
போனில் பேசிப் பதிந்தேன்.
வியர்வை கண்ணில் இறங்கியது. நல்லதுதான்,
காட்சியில் அவனும் வியர்த்திருந்தான்:
பாலம் உடைந்து, பள்ளி பஸ் ஒன்று
பின்சக்கரம் மட்டும் தரையில்.
ஓடி வந்து தொடுகிறான்.
கனம் பாதியாகிறது.
ஆனாலும் பாதி பஸ்ஸும் பஸ்தானே,
வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.
அப்போது கூட்டத்தைப் பார்த்துக் கத்த வேண்டும்:

"பாதி என்னோடது!
மீதிய யாராச்சும் புடிங்க!"

நான் கத்தினேன்.
அதே நொடி, மத்தியானம் ரெண்டுக்கு
ஆலைச் சங்கு ஊதியது.

திரும்பப் பதிய நேரமில்லை. அனுப்பிவிட்டேன்.
பின்னணி ஓசை பிரமாதம் என்று பதில் வந்தது.

படம் வந்த வாரம், ஆ ஹெங் போன் கடையில்
விற்பனைக்கு மாட்டியிருந்த பெரிய டிவியில் போட்டோம்.
ஒன்பது பேர், ஒரு குழந்தை, வாசலில் ஒரு நாய்.
பஸ் வழுக்கியது. நான் கத்தினேன். சங்கு ஊதியது.
மீ கோரெங்கை வாயில் வைத்திருந்த ரொஃபிக்
சடாரென்று எழுந்து
ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிவிட்டான்.
கடையே சிரித்தது.
அவன் கடிகாரத்தைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான்,
ஹெல்மெட்டோடேயே உட்கார்ந்து
மீதிப் படத்தையும் மீதி மீயையும் முடித்தான்.

என் குரலை
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
சங்கைக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் படம் இல்லை என்று கம்பெனி எழுதியது,
ஈரச்செவிக்கு மட்டும் இன்னொன்று எடுக்கிறார்களாம்.

திங்கட்கிழமை மைக்கேல்சாமியின் லாரி
மூச்சு வாங்கிக்கொண்டு தராசில் ஏறியது.
அளவுக்கு மேல் குலை. அவனுக்கே தெரியும்.
கண்ணாடியை இறக்கி, பல்லெல்லாம் தெரிய,
"அண்ணே, பூங்காவனம் அக்கா சொல்லிச்சு.
ஒரே ஒரு தடவ தொடுங்களேன்."

பின்னால் நாலு லாரி ஹார்ன் அடித்தது.
இறங்கிப் போய், சூடாயிருந்த பம்பரில்
உள்ளங்கையை வைத்தேன்.
திரும்பிப் பார்த்தேன், சிவப்பு எழுத்தில்
முப்பத்தோராயிரத்து நானூற்று எண்பது.
ஒரு கிலோ அசையவில்லை.

"கொறஞ்சிச்சா அண்ணே?"

"ம்" என்றேன்.
இதற்குக் காசு கிடையாது.